ஜெமினி வரிசையில் கார்ட்டிசோல்

ஒரு மனிதரைப் பதற வைப்பது எளிது. ஆய்வகத்துக்குள் வைத்து, யாருக்கும் தீங்கில்லாமல், வருகிற எல்லோரையும் ஏறக்குறைய ஒரே அளவில் பதற வைப்பதுதான் கடினம். பனிக்கட்டி நீரில் கையை வைக்கச் சொல்லிப் பார்த்தார்கள், பயங்கரப் படங்களைக் காட்டிப் பார்த்தார்கள். சிலருக்கு உடம்பு அசைந்தது, பலருக்கு அசையவில்லை. 1993-ல் ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் கிர்ஷ்பாம், பிர்க்கே, ஹெல்ஹாமர் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள்.

வந்தவரை ஓர் அறைக்குள் அனுப்புவார்கள். எதிரே சிலர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் முகத்தில் சிரிப்பும் இருக்காது, கோபமும் இருக்காது. ‘ம்’ கொட்டுவதுகூடக் கிடையாது. ‘இந்த வேலைக்கு நீங்கள்தான் பொருத்தமானவர் என்று எங்களுக்குப் புரியவையுங்கள்’ என்று ஐந்து நிமிடம் பேசச் சொல்வார்கள். பேசி முடித்ததும் 1022-லிருந்து 13, 13-ஆகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். எங்காவது தவறினால் மறுபடி 1022-லிருந்து தொடங்க வேண்டும். இவ்வளவுதான் சோதனை. எச்சிலை எடுத்து அளந்தால், கார்ட்டிசோல் என்னும் ஹார்மோன் இரண்டு முதல் நான்கு மடங்கு ஏறியிருந்தது. இன்றுவரை உலகெங்கும் மன அழுத்தத்தை ஆராய்கிறவர்கள் அதிகம் கையாளும் சோதனை இதுதான்.

இதிலிருந்து அந்தக் கழித்தல் கணக்கை மட்டும் எடுத்துவிடுங்கள். மிச்சமிருப்பது சென்னை அண்ணா சாலையில், ஜெமினி மேம்பாலத்தின் அருகே, அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் கண்ணாடிக் கவுன்டர்களில் வேலை நாள்தோறும் நடக்கும் விசா நேர்காணல்.

வண்டலூர்ப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கிரசென்ட், கேளம்பாக்கம் சாலையில் தாகூர் பொறியியல் கல்லூரி, வி.ஐ.டி. என்று நான்காம் ஆண்டு மாணவர்கள் நிறைந்த பகுதி இது. டீக்கடையில் காதைக் கொடுத்தால் ‘ஐ-20 வந்துடுச்சா, ஸ்லாட் கிடைச்சுதா, லோன் சாங்ஷன் ஆச்சா’ என்பதுதான் பேச்சு. ஐ-20 என்பது அமெரிக்கக் கல்லூரி தரும் சேர்க்கைச் சான்று, ஸ்லாட் என்பது விசா நேர்காணலுக்கான நேரம். 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். அந்த ஆண்டு மற்ற எல்லா நாடுகளையும்விட இந்தியாவே அங்கு அதிக மாணவர்களை அனுப்பியிருந்தது. அதே காலத்து அமெரிக்க நிதியாண்டில், எல்லா நாடுகளிலிருந்தும் வந்த எஃப்-1 மாணவர் விசா விண்ணப்பங்களில் சுமார் 41 விழுக்காடு நிராகரிக்கப்பட்டன. ஆக, வண்டலூரில் மின்சார ரயில் ஏறி, திரிசூலத்தில் எதிரே விமான நிலையத்தைப் பார்த்துக்கொண்டே போய், கிண்டியில் மெட்ரோவுக்கு மாறி ஜெமினிக்குப் போகிற பிள்ளைக்குப் பதற்றம் வருவதில் வியப்பு ஒன்றும் இல்லை. அந்தப் பதற்றம் உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதில்தான் வியப்பு இருக்கிறது.

முதலில் பேசுவது வாயல்ல, விரல்கள். நேர்காணலுக்கு முன்பாகவே பயோமெட்ரிக் மையத்தில் புகைப்படமும் பத்து விரல்களின் ரேகையும் எடுத்துவிடுகிறார்கள். இந்த ரேகைகள் நாம் பிறப்பதற்கு முன்பே முடிவானவை. கருவுக்கு மூன்று மாதம் ஆகும் சமயத்தில் விரல் நுனியில் மேடுகள் தோன்றத் தொடங்குகின்றன. 2023-ல் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவை எப்படித் தோன்றுகின்றன என்று காட்டினார்கள். விரலின் சதைப்பற்றான நடுப்பகுதி, நகத்தடி, முதல் மடிப்பு என்று மூன்று இடங்களில் மேடுகள் கிளம்பி அலை அலையாகப் பரவுகின்றன. அலைகள் எங்கே, எந்த நேரத்தில் சந்திக்கின்றன என்பதைப் பொறுத்துச் சுழியோ வளைவோ வில்லோ அமைகிறது. மேட்டை வளர்க்கும் வேதிச் சமிக்ஞைக்கும் அதைத் தடுக்கும் சமிக்ஞைக்கும் இடையே நடக்கும் இழுபறியே இந்தக் கோடுகள். இரட்டையருக்குக்கூட ரேகை ஒன்றாக அமையாததற்குக் காரணம், இந்த அலைகள் கருவறைக்குள் நிகழும் மிகச் சிறிய மாற்றங்களுக்கும் அசைந்து கொடுப்பதுதான்.

இப்படி இரண்டு வேதிப்பொருள்கள் ஒன்றையொன்று தூண்டியும் தடுத்தும் வரிகளையும் புள்ளிகளையும் உண்டாக்கக்கூடும் என்று கணிதத்தால் சொன்னவர் ஆலன் டூரிங். சொன்ன ஆண்டு 1952. மாணவர் விசா கேட்டு வருகிற ஒவ்வொருவரையும் சந்தேகத்தோடு பார்க்கச் சொல்லும் அமெரிக்கக் குடியேற்றச் சட்டமும் அதே 1952-ல் வந்ததுதான். ரேகையை வகைப்படுத்தித் தேடும் முறைக்கும் நம் நாட்டுக்கும் பழைய உறவு உண்டு. 1897-ல் கொல்கத்தாவில் கைரேகைக் கூடம் அமைந்தபோது அந்த முறையை வகுத்ததில் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு இந்தியர்களின் உழைப்பு பெரியது. நெடுங்காலம் பெயரை மட்டும் ஆங்கிலேய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றி எடுத்துக்கொண்டார்.

ரேகை பதற்றத்தால் மாறாது. ஆனால் விரல் நனையும். உடம்பின் மற்ற இடங்களில் வியர்வை முக்கியமாகச் சூட்டுக்குச் சுரக்கிறது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் முக்கியமாக மனநிலைக்குச் சுரக்கிறது. குளிரூட்டிய அறையிலும் கை ஈரமாவது அதனால்தான். ஆபத்து நேரத்தில் எதையாவது இறுகப் பற்ற இலேசான ஈரம் உதவும். மரக்கிளையைப் பற்றிய முன்னோர் விட்டுச்சென்ற ஏற்பாடு அது. கைக்குட்டை கொண்டுபோனால் போதும்.

அடுத்து நேர்காணல் நாள். அங்கே நிலவும் சட்டத்தை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு, விசா கேட்டு வருகிறவர் அங்கேயே தங்கிவிட நினைப்பவர் என்று முன்கூட்டியே அனுமானிக்கிறது. இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு விண்ணப்பித்தவருடையது. நீதிமன்றத்தில் குற்றம் சாட்டுகிறவர்தான் நிரூபிக்க வேண்டும். இங்கே அது தலைகீழ். இதை நிரூபிக்கக் கிடைப்பது பெரும்பாலும் சில நிமிடங்களே. 2004-ல் டிக்கர்சன், கெமனி என்ற இருவர் 208 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து, கார்ட்டிசோலை மிக அதிகமாக ஏற்றுபவை இரண்டு என்றார்கள். ஒன்று, பிறர் நம்மை எடைபோடுகிறார்கள் என்ற உணர்வு. மற்றது, முடிவு நம் கையில் இல்லை என்ற நிலை. 214(பி) இரண்டையும் ஒரே கவுன்டரில் வைத்திருக்கிறது.

பதற்றத்தின் நேரக்கணக்கைக் கவனியுங்கள். அட்ரினலின் நொடிகளில் வேலை செய்கிறது: இதயம் படபடக்கும், வாய் உலரும். கார்ட்டிசோல் அப்படியல்ல. மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்குச் செய்தி அனுப்ப, பிட்யூட்டரி சிறுநீரகங்களின் மேலிருக்கும் அட்ரீனல் சுரப்பிக்குச் செய்தி அனுப்ப, அதன்பின் கார்ட்டிசோல் இரத்தத்தில் கலந்து உச்சத்துக்கு வர 20, 30 நிமிடம் ஆகிறது. அந்த 20, 30 நிமிடங்களும் கழிவது எங்கே? வரிசையில். முன்னால் நிற்பவரின் கேள்வியும் பதிலும் காதில் விழும் தூரத்தில். அவருக்கு மறுப்புத் தாள் கொடுக்கப்படுவதைக் கண்ணால் பார்த்தபடி. நம் முறை வரும்போது ஹார்மோன் உச்சத்தில் நிற்கிறது. ட்ரியர் ஆய்வாளர்கள்கூட இவ்வளவு கச்சிதமாகத் திட்டமிட்டிருக்க முடியாது.

கார்ட்டிசோல் முக்கியமாகப் போய்ச்சேரும் இடங்களில் ஒன்று ஹிப்போகாம்பஸ். நினைவைச் சேர்ப்பதிலும் எடுப்பதிலும் பங்குள்ள மூளைப்பகுதி அது. அந்த ஹார்மோனை ஏற்கும் வாங்கிகள் அங்கே மிகுதி. 2000-ல் டி குவெர்வானும் அவருடைய குழுவினரும், முந்தைய நாள் சொற்களை மனப்பாடம் செய்தவர்களுக்கு, அவற்றைச் சொல்ல வேண்டிய நேரத்துக்கு ஒரு மணி முன்னால் கார்ட்டிசோன் மாத்திரை கொடுத்தார்கள். உடலுக்குள் அது கார்ட்டிசோலாக மாறும். மாத்திரை விழுங்கியவர்களுக்கு நினைவுகூர்தல் குறைந்தது. படித்தது அழியவில்லை, எடுக்கும் வழிதான் அடைபட்டது. ‘எல்லாம் தெரியும் அங்கிள், கேட்டவுடனே பிளாங்க் ஆயிட்டேன்’ என்று வெளியே வந்து சொல்லும் பிள்ளை பொய் சொல்லவில்லை.

அப்படியானால் எப்படித் தயாராவது? நம் ஊரில் தயாராவதற்கு ஒரே வழிதான் தெரியும். பத்தாம் வகுப்பிலிருந்து பழகிய வழி: வினாவிடைத் தாளை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படிப்பது. கன்சல்டன்சிகளும் அதையே செய்கின்றன. ‘ஏன் இந்த யூனிவர்சிட்டி?’ என்பதற்கு நான்கு வரி, ‘யார் ஸ்பான்சர்?’ என்பதற்கு மூன்று வரி என்று அச்சடித்துத் தருகிறார்கள். அந்த வரிகளில் பல்கலைக்கழகத்தின் பெயரை மாற்றினால் அடுத்த பையனுக்கும் பொருந்தும். இந்த முறை பதற்றமான நேரத்தில் கைவிட்டுவிடும் என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது.

2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஒரு சிறு பாடத்தைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரு தடவை படித்துவிட்டு, தாளை மூடிவைத்து மூன்று தடவை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் படித்த குழுவே முந்தியது: 83-க்கு 71 விழுக்காடு. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் கணக்கு புரண்டிருந்தது. படித்தவர்களிடம் மிஞ்சியது 40. எடுத்துப் பார்த்தவர்களிடம் 61. ஏமாற்றம் எங்கே என்றால், படித்துக்கொண்டே இருந்தவர்களுக்குத்தான் ‘நன்றாகத் தெரியும்’ என்ற நம்பிக்கை அதிகமாக இருந்தது.

பத்து ஆண்டு கழித்து டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் எமி ஸ்மித், ஃப்ளோர்கி, ஆயன்னா தாமஸ் மூவரும் இதோடு பதற்றத்தையும் சேர்த்தார்கள். 120 பேர், 30 சொற்கள், 30 படங்கள். பாதிப் பேர் திரும்பத் திரும்பப் பார்த்துக் கற்றார்கள், பாதிப் பேர் நினைவிலிருந்து எடுத்து எடுத்துக் கற்றார்கள். மறுநாள், ஒவ்வொரு பாதியிலும் ஒரு பகுதியினரை நடுவர்கள் முன்னாலும் கேமரா முன்னாலும் நிறுத்தித் திடீரென்று பேசச் சொன்னார்கள், கணக்குப் போடச் சொன்னார்கள். ட்ரியர் முறைதான். கார்ட்டிசோல் ஏறக் காத்திருந்து நினைவைச் சோதித்தார்கள். திரும்பப் பார்த்துக் கற்றவர்களில் அமைதியாக இருந்தவர்கள் முப்பதுக்கு ஏறக்குறைய ஒன்பது சொன்னார்கள், பதறியவர்கள் ஏழு. எடுத்துப் பழகியவர்களில் அமைதியாக இருந்தவர்கள் பத்து, பதறியவர்கள் பதினொன்று. பதற்றம் அவர்களிடம் ஒன்றையும் பறிக்கவில்லை.

ஏன்? காட்டில் ஒற்றையடிப் பாதை உண்டாவது நடப்பதால்தான். வரைபடத்தைப் பத்து தடவை பார்த்தாலும் புல் மடங்காது; ஒருவர் நாலைந்து பக்கமிருந்து நடந்து போய் வந்தால் பாதைகள் விழுந்துவிடும். ஒன்று அடைபட்டால் இன்னொன்று இருக்கும். ஆய்வாளர்களின் விளக்கமும் ஏறக்குறைய இதுவே: ஒரு விஷயத்தை ஒவ்வொரு தடவை நினைவிலிருந்து எடுக்கும்போதும் அதற்குப் போகும் வழிகள் கூடுகின்றன. ஆய்வகத்தில் இருந்தவை சொற்களும் படங்களும்தான், ஐ-20 அல்ல என்பது உண்மை. ஆனாலும் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எனக்குத் தயக்கமில்லை.

நம் மரபுக்கு இது புதிதும் அல்ல. நாகர்கோவில் கோட்டாற்றைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-ல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டினார். ஒரே அமர்வில் நூறு விஷயங்கள்: ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார், ஒருவர் இலக்கணத்தில் ஐயம் கேட்பார், ஒருவர் கணக்குக் கேட்பார், முதுகில் விழும் கற்களையும் மணியோசையையும் வேறு எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். அவரை மனப்பாடக்காரர் என்று மட்டும் சொன்னால் குறைத்துச் சொல்வதாகும். எந்த வரிசையில், யார் இடைமறித்துக் கேட்டாலும் எடுத்துத் தரும் பழக்கம் அது. நம் பள்ளிகள் அவதானத்தின் பாதியைத்தான், அதாவது சேர்ப்பதை மட்டும்தான், கற்றுத்தருகின்றன.

ஒப்பிக்கும் பதிலுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு: அது ஒப்பிப்பதாகவே கேட்கும். 2009-ல் பத்து மொழிகளில் உரையாடல்களைப் பதிவுசெய்து அளந்தபோது, ஒருவர் கேள்வியை முடிப்பதற்கும் மற்றவர் பதிலைத் தொடங்குவதற்கும் இடையிலான இடைவெளி சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்கு என்று தெரிந்தது. ஒரே ஒரு சொல்லை மூளையில் தேடி எடுத்து நாக்குக்குக் கொண்டுவரவே அதைப்போல மூன்று மடங்கு நேரம் ஆகும். அதாவது எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் பதிலைக் கட்டத் தொடங்கிவிடுகிறோம். ஸ்க்ரிப்ட் வைத்திருப்பவர் காதால் கேட்பதை விட்டுவிட்டு, முதல் இரண்டு சொல்லிலேயே ‘இது மூன்றாம் கேள்வி’ என்று முடிவுகட்டி டேப்பை ஓடவிடுகிறார். கேள்வி சற்றே வேறாக இருந்தாலும் பதில் அதேதான். லண்டனில் ஃப்ரீடா கோல்ட்மன்-ஐஸ்லர் 1950-களிலும் 60-களிலும் பேச்சின் இடைவெளிகளை அளந்து வேறொன்றைக் காட்டினார்: யோசித்துப் பேசுகிறவர், எதிர்பாராத சொல்லைத் தேர்ந்தெடுக்கும் இடங்களில் தயங்குகிறார், பழகி உருட்டிய பேச்சில் அந்தத் தயக்கங்கள் உதிர்ந்துவிடுகின்றன. கேட்கிறவருக்கு இந்த விவரம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. காது பழகியிருந்தால் போதும். நாளெல்லாம் அதே கேள்வியைக் கேட்டு அதே பதிலை வாங்கும் அதிகாரியின் காது நன்றாகவே பழகியிருக்கும்.

‘அதிகாரியின் கண்ணைப் பார்த்துப் பேசு, இல்லாவிட்டால் பொய் என்று நினைப்பார்’ என்று எல்லா மாக் இன்டர்வியூவிலும் சொல்வார்கள். பொய்யன் கண்ணைப் பார்க்க மாட்டான் என்ற நம்பிக்கை உலகம் முழுவதும் இருக்கிறது; 75 நாடுகளில் கேட்டுப் பார்த்த ஓர் ஆய்வில் மக்கள் முதலிடம் கொடுத்த அடையாளம் அதுவே. ஆனால் அந்த நம்பிக்கை தவறு. பாண்டும் டிபாலோவும் 2006-ல் 24,000-க்கும் மேற்பட்டோரின் தீர்ப்புகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆளைப் பார்த்து மெய்யா பொய்யா என்று சொல்வதில் மனிதர்களின் தேர்ச்சி 54 விழுக்காடுதான். நாணயத்தைச் சுண்டிப் போட்டாலே 50 கிடைக்கும். கண்ணை விலக்கிச் சற்று மேலே பார்ப்பது பெரும்பாலும் யோசிக்கிறோம் என்பதற்கு அடையாளம். கடினமான கேள்விக்கு எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். அதற்காக முதல் பார்வைக்கு மதிப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இந்தியாவில் பிறந்து ஹார்வர்டில் ஆய்வுசெய்த நளினி அம்பாடி 1993-ல் காட்டியது அது: ஆசிரியர்களின் ஒலியில்லாத அரை நிமிடக் காட்சியைப் பார்த்து முன்பின் தெரியாதவர்கள் போட்ட மதிப்பெண், பருவம் முழுக்க அவர்களிடம் படித்த மாணவர்கள் தந்த மதிப்பெண்ணோடு நன்றாகவே ஒத்துப்போனது. ஒருவர் தன் விஷயத்தில் ஈடுபாட்டோடு இருக்கிறாரா என்பது சட்டென்று தெரிந்துவிடுகிறது. மெய் சொல்கிறாரா என்பது தெரிவதில்லை. ஆகவே கண்ணைப் பற்றிய கவலையை விடுங்கள். நான் படிக்கப்போகும் பாடம் எனக்கே பிடித்திருக்கிறதா என்ற கவலை இருந்தால் நல்லது.

ஸ்லாட் போடும்போது ராகு காலம், எமகண்டம் பார்க்காத வீடு குறைவு. விமான நிலையத்துக்கு அருகே லட்சுமி விசா கணபதி கோயிலில் பாஸ்போர்ட்டை வைத்து வேண்டிக்கொள்பவர்களும் உண்டு. இதைக் கேலி செய்கிற படித்தவர்கள், ‘பசியோடு இருக்கும் நீதிபதி கடுமையாகத் தீர்ப்பளிக்கிறார், அதனால் காலை ஸ்லாட்தான் நல்லது’ என்று 2011-ல் இஸ்ரேலிலிருந்து வந்த ஓர் ஆய்வை எடுத்துக்காட்டுவார்கள். அந்த ஆய்வின் மீது அந்த ஆண்டே பலமான கேள்வி எழுந்தது: வழக்கறிஞர் இல்லாத கைதிகளின் வழக்குகள் இடைவேளைக்குச் சற்று முன்னால் வரும்படி அங்கே வரிசை அமைந்திருந்தது. எண்களால் ஆன ராகு காலம் என்றுதான் அதையும் சொல்ல வேண்டும். கோயிலுக்குப் போனால் மனமாவது அடங்கும்.

மனம் அடங்குவதைப் பற்றியும் ஒரு சொல். ஹார்வர்டில் அலிசன் வுட் புரூக்ஸ் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், மேடைப் பேச்சுக்கும் கணக்குக்கும் முன்னால் ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிட, ‘எனக்கு உற்சாகமாக இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். படபடக்கும் இதயத்தை அமைதி என்று நம்பவைப்பது கஷ்டம். உற்சாகம் என்று நம்பவைப்பது எளிது. வரிசையில் நிற்கும்போது மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட்டால் வேகஸ் நரம்பின் வழியாக இதயத்துடிப்பு உண்மையாகவே தணியும்.

ஆகவே தம்பி, தங்கைகளே, கன்சல்டன்சி தாளை இன்றைக்கே மூடிவையுங்கள். விசா விண்ணப்பப் படிவமான டிஎஸ்-160-ல் என்ன நிரப்பினீர்கள், எந்தப் பேராசிரியரின் எந்த வேலை உங்களை இழுத்தது, முதலாண்டுச் செலவு எவ்வளவு, அதில் வங்கிக் கடன் எவ்வளவு, அப்பாவின் சேமிப்பு எவ்வளவு, படிப்பு முடிந்தபின் என்ன எண்ணம் என்ற விவரங்களை வைத்துக்கொள்ளுங்கள், வாக்கியங்களை வைத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் தம்பியையோ பக்கத்து வீட்டு அக்காவையோ வரிசை மாற்றி, நடுவில் வெட்டி, முகத்தில் ஒரு சலனமும் காட்டாமல் கேட்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு சொற்களில் சொல்லுங்கள். நின்றுகொண்டே சொல்லுங்கள், அங்கேயும் நிற்கத்தான் வேண்டும். ஒரே இரவில் இருபது தடவை வேண்டாம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை என்று இரண்டு வாரம் போதும். 2025 ஜூனிலிருந்து சமூக ஊடகக் கணக்குகளையும் பொதுப் பார்வைக்குத் திறந்துவைக்கச் சொல்கிறார்கள். நீங்கள் வாயால் சொல்வதும் அங்கே இருப்பதும் ஒன்றாக இருக்கட்டும்.

இவ்வளவு செய்தும் மறுக்கப்படலாம். நினைவையும் நாக்கையும் நீங்கள் பழக்கலாம், கொள்கையைப் பழக்க முடியாது. 214(பி) மறுப்புக்கு மேல்முறையீடு கிடையாது. ஆனால் அது நிரந்தரத் தடையும் அல்ல, கட்டணம் கட்டி மறுபடி விண்ணப்பிக்கலாம். பொய்யான வங்கிக் கணக்கோ போலிச் சான்றிதழோ பிடிபட்டால் வரும் தடைதான் வாழ்நாள் முழுவதும் நிற்கும்.